ஆரியா, ஊசியா, பசையா: மணி துணியில் எப்படி நிற்கிறது?

என் நாத்தனார் வளைகாப்புக்கு ஜாக்கெட்டில் ஆரி ஒர்க், அதாவது கொக்கி ஊசியால் தைக்கிற மணி வேலை, செய்து கொடுத்தது நான்தான். கழுத்தைச் சுற்றி நான்கு வரிசை சுகர் பீட்ஸ் (சின்னக் கண்ணாடி மணி), கைக்கு இரண்டு வரிசை. முடிக்க மூன்று வாரம் ஆனது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மண்டபம். சந்தனம் பூச வந்த அத்தை ஒருவரின் வளையல் கழுத்து வரிசையில் மாட்டியது. அவர் கையை வெடுக்கென்று எடுத்தார். "அண்ணி, முதுகுல என்னமோ உருளுது" என்றாள் நாத்தனார். ஒன்றிரண்டு மணி போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு வரிசையே கொட்டிவிட்டது. வாண்டுகள் ஓடி வந்து பொறுக்கின.

பந்தி போடுவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. மணி மட்டம் என்றார் ஒருவர். நூல் மட்டம் என்றார் இன்னொருவர். "ஆரி ஒர்க்னாலே இப்படித்தான், பேசாம ஒட்டியிருந்தா கழண்டிருக்காது" என்றது மூன்றாவது குரல். மணியும் நூலும் நன்றாகத்தான் இருந்தன. வரிசையை முடிக்கும் இடத்தில் நான் போடாமல் விட்ட ஒரு சின்னப் பூட்டு, அதாவது தையல் வகுப்புகளில் 'லாக்' என்று சொல்கிறார்களே, அதுதான் விஷயம்.

வீட்டில் செய்யும் ஆபரணம், ஜாக்கெட் வேலை என்று பேச்சு வந்தால் நாம் கல்லைப் பற்றிப் பேசுவோம், கலரைப் பற்றிப் பேசுவோம், கூலியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். அந்த மணி துணியில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்பவர் குறைவு. போதாக்குறைக்கு, ஜாக்கெட்டில் எது மின்னினாலும் அதற்கு 'ஆரி' என்றே பெயர் வைத்துவிட்டோம். ஒட்டின கல்லும் ஆரி, கையூசியில் தைத்த முத்தும் ஆரி, கம்ப்யூட்டர் எம்பிராய்டரியும் ஆரி. ஒவ்வொன்றும் பிடித்து நிற்கிற விதம் வேறு, அதனால் கழலுகிற விதமும் வேறு.

பூ கட்டுவதிலிருந்து தொடங்குவோம்

பூச்சரம் இரண்டு வகை என்பது நமக்கெல்லாம் தெரியும். ஊசியில் நூலைக் கோத்து, பூவின் காம்பு வழியே செருகிக்கொண்டே போவது ஒன்று. இது கோர்ப்பது. இரண்டு இரண்டு பூவாக வைத்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சு இறுக்கிக்கொண்டே போவது இன்னொன்று. இது கட்டுவது.

வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் முழம் போடுகிற பூக்காரம்மாவைப் பாருங்கள். கையால் அளந்து, எந்த இடம் வந்ததோ அந்த இடத்தில் வெட்டுகிறார். மிஞ்சினால் ஒரு பூ உதிரும். கட்டின சரம் என்பதால் ஒவ்வொரு ஜோடிக்கும் தன் முடிச்சு உண்டு. பக்கத்து முடிச்சு போனால் இதற்குக் கவலை இல்லை. கோர்த்த மாலையை அப்படி வெட்டிப் பாருங்கள். நூல் ஒன்றுதான், அதை நம்பித்தான் எல்லாப் பூவும்.

துணியிலும் இதே கதைதான். சாதாரணக் கையூசியில் பத்து மணியை வரிசையாகக் கோர்த்து, இரண்டு முனையிலும் மட்டும் துணியில் குத்தி நிறுத்தினால் அது கோர்த்த மாலை. ஒவ்வொரு மணிக்கும் ஊசியைக் கீழே இறக்கி, ஒரு மணி அளவு பின்னால் வந்து மறுபடி அதே மணிக்குள் நுழைந்து வெளியே வந்தால் அது கட்டின சரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். இதைப் பின்தையல் என்பார்கள். நேரம் இரண்டு பங்கு ஆகும். சேலை முந்தானையில் போடுகிற குஞ்சம் முழுக்க முழுக்கக் கட்டு வகை. அதனால்தான் பழைய சேலைகளில் நடுநடுவே ஒரு குஞ்சம் மட்டும் காணாமல் போயிருக்கும், மற்றவை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

அரிசி மூட்டையின் நூல்

இப்போது மூன்றாவது வகை. இதுதான் ஆரி.

25 கிலோ அரிசி மூட்டையைப் பிரித்திருக்கிறீர்கள் அல்லவா? சரியான முனை கிடைத்துவிட்டால் நூலை ஒரே இழு, 'சர்ர்ர்' என்று வாய் முழுக்கத் திறந்துகொள்ளும். தப்பான முனையில் இழுத்தால் இறுகுமே தவிர அசையாது, கடைசியில் கத்திதான். அந்த மூட்டைத் தையலுக்குச் சங்கிலித் தையல் என்று பெயர். நூலை வளைத்து ஒரு கண்ணி, அதாவது ஒரு வளையம் செய்கிறோம். அந்தக் கண்ணிக்குள் நுழைந்து அடுத்த கண்ணி. அதற்குள் அடுத்தது. ஒவ்வொரு கண்ணியையும் பிடித்து வைத்திருப்பது அதற்கு அடுத்து வரும் கண்ணி. அப்படியானால் கடைசிக் கண்ணியை யார் பிடிப்பது? யாருமில்லை. தைத்து முடித்த அந்த முனையை இழுத்தால் கடைசிக் கண்ணி நழுவும், அதற்கு முந்தையதற்குப் பிடி போகும், அதுவும் நழுவும். தொடங்கிய முனையில் இழுத்தால் இது நடக்காது.

ஆரி ஊசியின் நுனியில் சின்னக் கொக்கி இருக்கும். துணியை ஃபிரேமில் தம்பட்டம் போல இழுத்துக் கட்டிவிட்டு, மேல்கை ஊசியைக் கீழே இறக்குகிறது. கீழ்க்கை நூலைக் கொக்கியில் மாட்டிவிடுகிறது. ஊசி அந்த நூலைக் கண்ணியாக மேலே இழுத்து வருகிறது. அந்தக் கண்ணிக்குள்ளேயே ஊசி மறுபடி கீழே. மணி வைக்க வேண்டுமென்றால், மெல்லிய ஊசியில் மணியை முதலிலேயே ஏற்றிக்கொண்டு, கண்ணியை அந்த மணி வழியாக இழுக்கிறோம். கை பழகிவிட்டால் கையூசியால் இந்த வேகத்தை எட்டவே முடியாது. வேகத்துக்குக் கொடுக்கிற விலைதான் மூட்டை நூலின் குணம்.

இங்கே பெயர்களைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திவிடலாம். 'ஆரி' என்பது டிசைனின் பெயர் இல்லை, கருவியின் பெயர். வடக்கே செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் குத்தூசியின் பெயர் அது. கட்ச் பகுதியில் மோச்சி சமூகத்தார் தோலிலும் துணியிலும் அதை வைத்தே பூ வேலை செய்தார்கள். 'மக்கம்' என்றால் தெலுங்கில் தறி. துணியைக் கட்டும் சட்டத்துக்கு வந்த பெயர். மக்கம் ஒர்க், ஆரி ஒர்க் என்று ஒரே வேலைக்கு இரண்டு விலை சொன்னால் உஷாராக இருங்கள். 'ஜர்தோசி' பாரசீகச் சொல், பொன் தையல் என்று பொருள். நம் கடைகளில் அது ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட கம்பியைக் குறிக்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு கொசுறு. இதே கொக்கித் தையல் ஐரோப்பாவுக்குப் போனபோது பிரெஞ்சுக்காரர்கள் அதை 'தம்பூர்' என்றார்கள். தம்பூர் என்றால் பறை. இழுத்துக் கட்டிய துணியைப் பார்த்தால் அவர்களுக்கும் அதுதான் தோன்றியிருக்கிறது. 1830ல் பார்தெலெமி திமோனியே என்ற பிரெஞ்சுத் தையல்காரர் காப்புரிமை வாங்கிய தையல் மெஷினும் கொக்கி ஊசியை வைத்து ஒற்றை நூலில் சங்கிலித் தையல்தான் போட்டது. நம் வீட்டு மெஷினில் மேல்நூல் ஒன்று, பாபினில் அடிநூல் ஒன்று என்று இரண்டு நூல் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கிறது. எலியாஸ் ஹோவ் அதற்குக் காப்புரிமை பெற்றது 1846ல். சட்டைத் தையல் மூட்டை வாய் மாதிரி உருவிக்கொண்டு போகாததற்கு அந்த இரண்டாவது நூல்தான் காரணம்.

சரி, லாக் போடுவது எப்படி? கடைசிக் கண்ணியை எடுத்ததும் அடியில் நூலை வெட்டி, முனையை முழுதாக மேலே இழுத்துவிடுங்கள். பிறகு அந்தக் கண்ணிக்கு வெளியே, ஒரே ஒரு இழை தள்ளி, அந்த முனையைக் கீழே இறக்கி அடிப்பக்கத்தில் முடிச்சுப் போடுங்கள். கண்ணியின் மேல் நூல் குறுக்கே விழுந்து அதை அமுக்கிக்கொள்கிறது. இது முனையில் தொடங்கும் உருவலைத் தடுக்கும். நடுவில் அறுந்தால் தடுக்காது. நடுவில் அறுந்தால் அங்கிருந்து தொடக்கம் வரை உருவும். அதனால் நான் இப்போது பதினைந்து மணிக்கு ஒருமுறை நூலை முடித்து, லாக் போட்டு, புதிதாகத் தொடங்குகிறேன். அலுப்பான வேலைதான். ஆனால் போனால் பதினைந்தோடு போகும்.

இதுவரை பார்த்தது: கோர்த்தது நூலை நம்பி நிற்கிறது, கட்டியது முடிச்சை நம்பி நிற்கிறது, ஆரி அடுத்த கண்ணியை நம்பி நிற்கிறது. ஆரியில் கடைசிக் கண்ணிக்கு நாம்தான் காவல்.

நூலை அறுப்பது யார்?

இழுக்காமலே ஒருநாள் நூல் அறுவதும் உண்டு. அப்போது மணியின் ஓட்டையைப் பாருங்கள்.

கடையில் சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், பைப் பீட்ஸ் என்று மூன்று டப்பா பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மூன்றும் கண்ணாடி. கண்ணாடியை உருக்கி, உள்ளே துளையோடு நீளமான குழாயாக இழுத்து, அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுகிறார்கள். வெட்டியதும் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். சுகர் பீட்ஸை மறுபடி சூடு காட்டி ஓரத்தை மழுக்கிவிடுகிறார்கள். அதனால்தான் அது உருண்டையாக இருக்கிறது. பைப் பீட்ஸில் பெரும்பாலும் வெட்டிய ஓரம் வெட்டியபடியே இருக்கும். நீங்கள் கையை அசைக்கும்போதெல்லாம் அந்த ஓரம் நூலை ரம்பம் போல ராவுகிறது.

இந்த முறையைக் கற்றுக்கொள்ள நாம் தூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது ரோமானிய வணிகத்தின் தடயங்கள்தான் பெரிய செய்தியாயின. மணி ஆராய்ச்சியாளர்களுக்கு அந்த ஊர் வேறு காரணத்துக்காக முக்கியம். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கண்ணாடியைக் குழாயாக இழுத்து, வெட்டி, மறுபடி சூடாக்கி ஓரம் மழுக்கிய சின்ன ஒற்றை நிற மணிகளைச் செய்தார்கள். இந்தோ-பசிபிக் மணி என்று அவற்றுக்குப் பெயர். தென்கிழக்காசியா வரை அந்த வகை மணி போயிருக்கிறது. ஆந்திரத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் இந்தப் பழைய முறை நம் காலம் வரை தொடர்ந்தது. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைப் பார்க்கும்போது மணிகளின் விளிம்பைக் கவனியுங்கள். நூல் அறுந்து திட்டு வாங்கிய யாரோ ஒருவர்தான் அந்த மழுக்கல் வேண்டும் என்று முதலில் சொல்லியிருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

பைப் பீட்ஸ் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் இரண்டு பக்கமும் ஒரு சுகர் பீட் வைத்துத் தையுங்கள். நூல் மழுங்கின ஓரத்தில் திரும்பும், கூர் ஓரத்தில் மடியாது. நூலும் பாலியஸ்டராக இருக்கட்டும். 'சில்க் த்ரெட்' என்று விற்கிற பளபள நூல் பெரும்பாலும் விஸ்கோஸ்; நனைந்தால் வலு குறைந்துவிடும் இழை அது. பூ நிரப்ப நல்லது, மணியைத் தாங்க வேண்டாம்.

பசை எப்போது நிற்கும், எப்போது நிற்காது

நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். தோல்தான் நகரும், பொட்டு நகராது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்துத் தூக்கினால் ஒரு நொடியில் கையில் வந்துவிடும். பசையின் மொத்த ரகசியமும் இதற்குள் இருக்கிறது. பக்கவாட்டில் இழுத்தால் பசை முழுப் பரப்பும் சேர்ந்து எதிர்க்கிறது. ஓரத்திலிருந்து தூக்கினால் அந்த ஓரக் கோடு மட்டும் எதிர்க்க வேண்டியிருக்கிறது. அது தோற்றதும் அடுத்த கோடு. இப்படித் தூக்கிப் பிரிப்பதை உரிவு என்று வைத்துக்கொள்வோம்.

துணி மடியும், கல் மடியாது. கையை மடக்கும்போது கல்லுக்கு அடியில் உள்ள துணி வளைகிறது, கல் வளைய மறுக்கிறது, ஓரம் தூக்குகிறது. கல் எவ்வளவு அகலமோ அவ்வளவு உரிவு. பொடிக் கல் பல துவையல் தாண்டும், பெரிய குந்தன் கல் இரண்டாம் நாளே விழும் என்பதன் காரணம் இதுதான். குந்தனை ஒட்டிவிட்டு அதைச் சுற்றி ஜர்தோசியோ மணி வரிசையோ ஓட்டுகிறார்களே, அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், அது ஓரம் தூக்காமல் காக்கிற வேலி. வேலி இல்லாத பெரிய கல்லைக் கழுத்துக்குப் பக்கத்திலோ முதுகிலோ வையுங்கள். முழங்கை மடிப்பில் வேண்டாம்.

புதுத் துணியில் கஞ்சி இருந்தால் பசை துணியைப் பிடிக்காது, கஞ்சியைப் பிடிக்கும். துவைக்கக்கூடிய துணியென்றால் ஒருமுறை அலசிவிட்டு ஒட்டுங்கள். க்ளூ கன்னில் வருகிற பசை சூட்டில் உருகி ஆறினால் இறுகுவது. இஸ்திரிப் பெட்டி பட்டால் மறுபடி உருகும். ஹேர்பேண்ட், கிளிப்புக்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கை. சொட்டுவிட்ட உடனே ஒட்டிக்கொள்கிற சூப்பர் க்ளூவைப் பருத்தித் துணியில் ஊற்றாதீர்கள். அந்தப் பசைக்குச் சயனோஅக்ரிலேட் என்று பெயர். பருத்தி இழையோடு சேரும்போது மளமளவென்று இறுகிச் சூட்டைக் கக்கும். தோலைச் சுடும் அளவுக்குப் போகும். துணியை மடியில் வைத்துக்கொண்டு செய்கிற வேலைக்கு அது ஆகாது. காய்ந்ததும் வெள்ளை பூத்து முறிந்தும் போகும்.

நூல் வளையலில் பிடிப்பது என்ன?

நூல் வளையல், நூல் ஜிமிக்கி செய்யும் புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று: வளையல் முழுக்கப் பசை தடவிவிட்டு நூல் சுற்றுவது. பசை நூலுக்கு மேலே ஊறி வந்து பளபளப்பைக் கெடுக்கும்.

பசை தேவையே இல்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகுக் கயிற்றைக் கட்டையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு ஒற்றைக் கையால் முனையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். படகு அந்தப் பக்கம் இழுக்கும், கயிறு நழுவாது. உராய்வு, அதாவது இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று நழுவ விடாமல் பற்றுவது, இங்கே சுற்றுக்குச் சுற்று பெருகுகிறது. ஒரு சுற்று 6 மடங்கு தாங்கும் என்றால் இரண்டு சுற்று 12 மடங்கு இல்லை, 36 மடங்கு. வளையலில் நூறுக்கணக்கான சுற்று விழுகிறது. ஆரம்ப முனைக்கும் முடிவு முனைக்கும் ஆளுக்கொரு சொட்டுப் பசை போதும், நடுவில் இழுவை ஒரே சீராக இருந்தால் சரி. பத்துப் பன்னிரண்டு இழையைச் சேர்த்துச் சுற்றும்போது அவை முறுக்கிக்கொள்ளாமல் ரிப்பன் போலப் படிய வேண்டும்.

வெளிப்பக்கம் பிளாஸ்டிக் தெரிகிறதே என்பார்கள். கணக்கு எளிது. உள்விட்டம் 57 மில்லிமீட்டர், தடிமன் 3 மில்லிமீட்டர் உள்ள வளையலுக்கு உள்சுற்று சுமார் 179, வெளிச்சுற்று சுமார் 198 மில்லிமீட்டர். உள்ளே இடித்துப் பிடித்து உட்காரும் நூல், வெளியே வரும்போது பத்தில் ஒரு பங்கு அதிக இடத்தை மூட வேண்டும். ஆகவே உள்பக்கம் ஒன்றன் மேல் ஒன்று லேசாக ஏறட்டும், வெளிப்பக்கம் பார்த்துச் சுற்றுங்கள். தடித்த வளையலில் இந்தத் தொல்லை அதிகம்.

வளையல் அளவிலும் ஒரு குழப்பம். 2.4 என்றால் 2.4 அங்குலம் கிடையாது. புள்ளிக்குப் பின்னால் இருப்பது பதினாறில் எத்தனை பங்கு என்பது. 2.4 என்றால் இரண்டேகால் அங்குலம், 2.8 என்றால் இரண்டரை. ஸ்கேல் வைத்து அளந்து வாங்கப்போய் ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி.

வாங்கும்போது திருப்பிப் பாருங்கள்

கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ ரெடிமேட் ஜாக்கெட் வாங்கினால், முடிந்தால் லைனிங்கைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். ஆரி என்றால் சீரான ஒற்றைக் கோடாக ஓடும். கையூசி என்றால் குறுக்கும் நெடுக்கும் தாண்டல், அங்கங்கே முடிச்சு. கம்ப்யூட்டர் வேலை என்றால் அடி முழுக்க ஒரே நிற, பெரும்பாலும் வெள்ளை, பாபின் நூல். ஒட்டியது என்றால் ஒன்றுமே இருக்காது, அல்லது பசைக் கறை இருக்கும். எதையும் மட்டம் என்று சொல்ல வரவில்லை. கொடுக்கிற விலை எதற்கு என்று தெரிந்தால் போதும்.

விசேஷத்தின் நடுவே உருவ ஆரம்பித்தால்

முதல் வேலை, தொங்குகிற நூலை இழுக்காமல் இருப்பது. கத்தரிக்கவும் வேண்டாம். நூல் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கண்ணி திறந்திருக்கும். அதற்குள் ஒரு ஊக்கைக் குத்தித் துணியோடு சேர்த்து மாட்டிவிட்டால் உருவல் அந்த இடத்தில் நின்றுவிடும். வீட்டுக்கு வந்து அதே கண்ணியிலிருந்து ஆரி ஊசியால் தொடரலாம். ஆரி ஊசி இல்லையென்றால் கையூசியால் அந்தக் கண்ணியின் மேல் குறுக்காக ஒரு தையல் போட்டு, அடியில் முடிச்சு, முடிச்சின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ்.

இந்த ஊக்கு வித்தை என் கண்டுபிடிப்பு இல்லை. அன்று மண்டபத்தில் முதல் வரிசை கொட்டி முடிந்து இரண்டாவதும் உருவத் தொடங்கியபோது, நான் பதறிப்போய் நூலைப் பிடித்து இழுக்கப் போனேன். பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெரியம்மா, "ஏ, இழுக்காதடி" என்று என் கையைத் தட்டிவிட்டு, தாலிச் சரடிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி அந்தக் கண்ணியில் குத்தினார். அவர் ஆரி ஊசியைக் கையால் தொட்டதில்லை.

மறுநாள் ஊக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "உனக்குப் பூ கட்டத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உட்காரச் சொன்னார்.